காரில் முகாம் போகிறவர்களுக்கு: எந்தச் சாமானுக்கு எந்தப் பெட்டி

கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு என்று காரில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் இரண்டு ராத்திரி தங்கப் போகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு பெரிய பெட்டி. 80 லிட்டர், அடியில் நாலு சக்கரம், எல்லாம் ஒன்றிலேயே அடங்கிவிடும் என்ற நினைப்பு. அடங்கத்தான் செய்யும். ஆனால் நிரப்பியபின் அது 35, 40 கிலோ கனக்கும். இரண்டு பேர் பிடிக்காமல் டிக்கியிலிருந்து இறங்காது. சக்கரம் மொசைக் தரையில் ஓடும், புல்லிலும் சரளையிலும் ஓடாது. டீத்தூள் அடியில் கிடக்கும், அதை எடுக்க மேலே உள்ள அத்தனையும் வெளியே வரவேண்டும். பல கார்களில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் டிக்கித் தரைக்குக் கீழே இருக்கின்றன. நடுவழியில் பஞ்சர் ஆனால் அந்த 40 கிலோவை ரோட்டோரத்தில் இறக்கிவைத்துவிட்டுத்தான் டயரைத் தொடமுடியும்.

இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து கொடைக்கானல், வால்பாறை, ஏலகிரி, கொல்லிமலை என்று காரில் போய்த் தங்குகிற எங்கள் வட்டத்தில் பல வகைப் பெட்டிகள் வந்து போய்விட்டன. அவற்றில் எவை நின்றன, எவை ஏன் போயின என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள். அதற்கு முன்னால் டிக்கியை அளக்கவேண்டும், சாமானை எடைபோடவேண்டும், எது எப்போது வெளியே வரவேண்டும் என்று வரிசை போடவேண்டும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் என்ன பெட்டி, எத்தனை பெட்டி என்பது தானாகவே தெரிந்துவிடும்.

டிக்கியை அளப்பது

கார் கம்பெனி சொல்லும் லிட்டர் கணக்கு பெட்டி வாங்க உதவாது. எர்டிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசை நிமிர்ந்திருந்தால் 209 லிட்டர், மடக்கினால் 550 லிட்டர். இந்த லிட்டரில் வளைவு, இடுக்கு எல்லாம் சேர்த்தி. பெட்டிக்கு வேண்டியது சதுரமான மூலை. ஆகவே டேப்பை எடுத்து நாலு இடத்தில் அளந்துகொள்ளுங்கள்.

முதலில் டிக்கிக் கதவின் வாய், அது மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில். உள்ளே அகலம் இருந்தும் வாய் வழியாக நுழையாத பெட்டிகள் உண்டு. அடுத்து இரண்டு பக்கச் சக்கர மேடுகளுக்கும் நடுவே உள்ள தரை அகலம். மூன்றாவது ஆழம், இதைத் தரையில் ஒருமுறையும் சீட் முதுகின் உச்சி மட்டத்தில் ஒருமுறையும் எடுக்கவேண்டும். சீட் சாய்ந்திருப்பதால் மேலே 10, 15 செ.மீ. குறைந்துவிடும். கீழ் வரிசைப் பெட்டி பொருந்தி, மேல் வரிசைப் பெட்டி பொருந்தாமல் கதவு மூடாமல் போவது இதனால்தான். நாலாவது உயரம். இதைக் கூரை வரை எடுக்காதீர்கள், சீட் முதுகின் உச்சி வரை போதும். அதற்கு மேல் அடுக்கினால் பிரேக் போடும்போது பெட்டி பின்சீட்டில் இருப்பவர் தலைக்கு வரும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியும் தெரியாது.

நாலு அளவிலும் 2 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். பிறகு மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டிகளை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டி டிக்கியில் வைத்துப் பாருங்கள், கதவையும் மூடிப் பாருங்கள். அரைமணி நேர வேலைதான்.

எடையும் சரிவும்

ஒருவர் தனியாகத் தூக்கி, இடுப்பு உயரத்தில் இருக்கும் டிக்கியிலிருந்து குனிந்து இறக்கக்கூடிய எடை 12 முதல் 15 கிலோ. இதுதான் எங்கள் எல்லை. இதிலிருந்து பின்னோக்கிப் போனால் பெட்டியின் அளவு கிடைக்கும். நாலு பேர், இரண்டு ராத்திரி, ஐந்து வேளைச் சாப்பாடு என்று வைத்தால் அரிசி இரண்டரை கிலோ, ரவை ஒரு கிலோ, பருப்பு அரை கிலோ, எண்ணெய் முக்கால் லிட்டர், சர்க்கரை, உப்பு, பொடி வகைகள், நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து 8 கிலோ பக்கம் வரும். டப்பாக்களின் எடையோடு 10 கிலோ. இதற்கு 25, 30 லிட்டர் பெட்டி தாராளம். பாத்திரம், குக்கர், தோசைக்கல், அடுப்பு எல்லாம் இரும்பும் எவர்சில்வருமாக இருப்பதால் இதே அளவுப் பெட்டியிலேயே 15 கிலோவைத் தொட்டுவிடும். ஆகவே கனமான சாமானுக்குச் சின்னப் பெட்டி. போர்வை, பாய், கூடாரத்தின் விரிப்புத்துணி போன்ற லேசானவற்றுக்கு 50 லிட்டர் வரை போகலாம்.

தண்ணீரிலும் இதே கணக்குதான். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4, 5 லிட்டர் வேண்டும். 20 லிட்டர் பபிள்டாப் கேன் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், அதன் மெல்லிய மூடி வளைவுகளில் கசியும். அது ஒன்றுக்குப் பதில் 10 லிட்டர் திருகுமூடிக் கேன் இரண்டு எடுங்கள். குழாய் வைத்த மூடியைப் போய்ச் சேர்ந்தபின் மாட்டுங்கள். ஓடும் வண்டியில் குழாய் எதிலாவது இடித்துத் திறந்துகொண்டால் போர்வையெல்லாம் நனைந்துவிடும்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லிட்டரையும் நம்பாதீர்கள். கடையில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதற்காகப் பெரும்பாலான ஸ்டோரேஜ் பெட்டிகள் கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். மேல்வாய் 55க்கு 38 செ.மீ., அடி 46க்கு 30, உயரம் 30 என்றால் உள்ளே கொள்வது ஏறத்தாழ 52 லிட்டர். அதே இடத்தை அடைக்கும் நேர்ச்சுவர்ப் பெட்டியில் கிட்டத்தட்ட 63 லிட்டர் கொள்ளும். 11 லிட்டர் சும்மா போகிறது. போதாக்குறைக்கு இரண்டு சரிவுப் பெட்டிகளுக்கு நடுவே உண்டாகும் இடைவெளியில் ஆட்டம் வேறு. காருக்கு நேர்ச்சுவர்தான் நல்லது.

தக்காளி கிரேட்

நம் ஊரில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல நேர்ச்சுவர்ப் பெட்டி காய்கறி மார்க்கெட்டில் இருக்கிறது. தக்காளி, மாம்பழம் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட். சந்தையில் அதிகம் புழங்கும் அளவு 540க்கு 360 மி.மீ., உயரம் 290 மி.மீ. பக்கம். 20, 25 கிலோ பழத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக லாரியில் அடுக்குவதற்கென்றே செய்தது. கைப்பிடி உடம்போடு வார்த்தது, அதனால் பிய்ந்து வராது. அடுக்கினால் மேல் கிரேட்டின் அடி கீழ் கிரேட்டின் விளிம்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். கவிழ்த்தால் முக்காலி. இரண்டு கிரேட்டை நிறுத்தி மேலே 9 மி.மீ. பிளைவுட் பலகை வைத்தால் காய் நறுக்கும் மேசை.

ஓட்டை உள்ளது, ஓட்டை இல்லாதது என இரண்டு வகை உண்டு. ஓட்டை உள்ளதில் வெங்காயம், உருளை, தக்காளி, வாழைக்காய், ஈரக் கயிறு, சேறு பிடித்த செருப்பு, கூடார முளைகள். ஓட்டை இல்லாததில் பாத்திரம், அடுப்பு, கருவிகள். மூடி தனியாகத்தான் வாங்கவேண்டும். கிடைக்காவிட்டால் அதே அளவுக்குப் பிளைவுட் வெட்டி, கீழ்ப்பக்கம் நாலு சிறு கட்டைகள் அடித்தால் நகராத மூடி ஆகிவிடும்.

கறுப்பு நிறக் கிரேட்டுகள் பல பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவை. மூக்கருகே வைத்தால் மண்ணெண்ணெயும் தாரும் கலந்த மாதிரி வாடை வரும். சாமானுக்கு அது போதும், சாப்பாட்டுப் பண்டம் நேராக அதில் படக்கூடாது. அதேபோல் பழைய பெயிண்ட் வாளியில் அரிசி கொட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கானதல்ல. தயவுசெய்து வேண்டாம்.

பிளாஸ்டிக்கின் அடியில் உள்ள எண்

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் ஹெச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். அடித்தாலும் நசுங்குமே தவிர உடையாது, குளிரிலும் அப்படியே. கிரேட், தண்ணீர்க் கேன் எல்லாம் பெரும்பாலும் இதுதான். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். விறைப்பானது, கொஞ்சம் உள்ளே தெரியும், எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும். சமையலறை டப்பாக்களில் பெரும்பாலானவை இது. குளிரில்தான் இதற்குப் பலவீனம். வகையைப் பொறுத்து, பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போது உடையும் தன்மை வந்துவிடும். லடாக் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நம் ஊர் மலைகளுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. 6 என்றால் பாலிஸ்டைரீன்; பார்க்கத் தெளிவாக, அழகாக இருக்கும், ஒரு குழியில் வண்டி இறங்கினால் மூலை விட்டுப்போகும். வாங்கவே வாங்காதீர்கள்.

எண் எதுவானாலும் வெயில் எதிரி. பகலெல்லாம் காரின் மேல் கேரியரில் காயும் பெட்டி சில பருவங்களில் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வரும். அதற்குப்பின் கிளிப் உடையும் நாள் தூரமில்லை. பெட்டி டிக்கிக்குள் இருக்கட்டும். மேலே கேரியரில் கூடாரமும் பாயும் போகட்டும்.

தகரப் பெட்டியை, அதாவது டிரங்கை விரும்புகிறவர்களும் உண்டு. எலி கடிக்காது என்பது அதன் பெரிய பலம். வெற்றுப்பெட்டியே 6, 7 கிலோ, மூலை டிக்கியின் உள்பூச்சைக் கிழிக்கும், வழியெல்லாம் சத்தம். தோட்ட வீட்டில் வாரக்கணக்கில் விட்டுவைக்க நல்லது. காருக்கு நாங்கள் சொல்லமாட்டோம்.

மூடியும் கிளிப்பும்

பெட்டி போவது முதலில் கிளிப்பில்தான். பல பெட்டிகளில் கிளிப்பே கைப்பிடியாகவும் இருக்கும். 12 கிலோவை அதைப் பிடித்துத் தூக்கும்போது முழு எடையும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கீலில் தொங்குகிறது. எத்தனையாவது முறை என்று சொல்லமுடியாது, ஒருநாள் பிய்யும். கைப்பிடி உடம்போடு வார்த்திருக்கவேண்டும், கிளிப் மூடியை மட்டும் பிடிக்கவேண்டும். கிளிப்பைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப்பாருங்கள். தனித் துண்டாகக் கம்பியில் மாட்டியிருந்தால் நல்லது, மூடியோடு ஒரே வார்ப்பாக மடிகிற மெல்லிய தகடாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. மூடியைப் போட்டு இரண்டு எதிர்மூலைகளைப் பிடித்து முறுக்குங்கள். மூடி எகிறினால் மலைப்பாதையிலும் எகிறும். மூடியின் நடுவில் உள்ளங்கையால் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். மூடியின் நடு உள்வாங்கி விளிம்பு திறந்தால் அதன்மேல் இன்னொரு பெட்டி அடுக்கமுடியாது. ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் நாலு இடத்தில் இறுக்கமாகப் பிடித்தால்தான் அது எறும்பைத் தடுக்கும். ரப்பர் வளையம் இல்லாத சாதாரண கிளிப் பெட்டி எதுவும் எறும்பைத் தடுக்காது என்பதை மனதில் வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் நாலாவது சோதனை: உள்ளே செய்தித்தாளை விரித்து மூடி, மூடியின்மேல் நாலு செம்பு தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் திறங்கள். தாளில் ஈரம் எங்கே என்று பார்த்தால் மழையில் அது எங்கே விடும் என்று தெரிந்துவிடும். மூடியின் மேல்பக்கம் பள்ளமாக இருந்து தண்ணீர் தேங்கினால், திறக்கும்போது அத்தனையும் உள்ளேதான் கொட்டும். இது பலர் பார்க்காமல் விடும் குறை.

காற்றுப்புகாமை எல்லாவற்றுக்கும் நல்லதல்ல

ரப்பர் வளையம் வைத்த பெட்டி விலை அதிகம், அதனால் எல்லாவற்றையும் அதிலேயே போடத் தோன்றும். பண்டத்துக்குப் பண்டம் தேவை வேறு.

இறுக மூடவேண்டியவை: அரிசி, ரவை, மிளகாய்ப்பொடி, காபித்தூள், சர்க்கரை, முறுக்கு, அப்பளம், தீப்பெட்டி, டார்ச். இவற்றையும் பெரிய பெட்டியில் நேராகக் கொட்டாமல், அரை கிலோ, ஒரு கிலோ கொள்ளும் எவர்சில்வர் சம்படங்களிலோ திருகுமூடி டப்பாக்களிலோ போட்டுப் பெட்டியில் அடுக்குவதே நல்லது. ஒன்று சிந்தினாலும் மற்றவை பிழைக்கும். சதுர டப்பாக்கள் இடத்தை மிச்சப்படுத்தும். அஞ்சறைப்பெட்டி வீட்டில் இருக்கட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் கடுகும் மஞ்சளும் ஒன்றாகிவிடும்.

மூச்சு விடவேண்டியவை: வெங்காயம், தக்காளி, கீரை, பழம். மூடிய பெட்டியில் போட்டு வெயிலில் நின்ற காரில் ஒரு பகல் விட்டால் உள்ளே வியர்த்து, தக்காளி காம்புப் பக்கம் பூஞ்சை பிடிக்கும். நனைந்த கூடாரமும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுருட்டிய கூடாரத்தை ரப்பர் வளையப் பெட்டிக்குள் போட்டு வீடு வந்து சேருவதற்குள் முக்கல் வாடை பிடித்துவிடும். அது ஓட்டைக் கிரேட்டில் வரவேண்டும்.

இட்லி மாவு தனிக் கதை. மேட்டுப்பாளையம் வெயிலில் கார் நின்றால் மாவு பொங்கும். விளிம்பு வரை நிரப்பி இறுக்கிய டப்பாவில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு, ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகவேண்டும். எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும்: ஊட்டிக் குளிரில் புளிக்காத மாவு ராத்திரியில் புளிக்காது. புளித்த மாவைத்தான் எடுத்துப்போகவேண்டும்.

காற்றுப்புகாத பெட்டியில் மலையேறுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம்; ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கீழே மூடிய டப்பா மேலே போகும்போது உள்ளிருந்து தள்ளும். சிப்ஸ் பாக்கெட் உப்பும், எண்ணெய் பாட்டிலும் ஊறுகாய் டப்பாவும் மூடி வழியே கசியும். திரும்பி வரும்போது தலைகீழ். மேலே இறுக மூடியதைக் கீழே திறக்க வராது. 20க்கு 15 செ.மீ. மூடி என்றால் 300 சதுர செ.மீ.; அழுத்த வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ, ஆக மூடியின்மேல் 60 கிலோ வரை அழுத்தம் உட்காரலாம். கத்தியால் நெம்பி மூடியை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் வளையத்தின் ஒரு மூலையை நகத்தால் இழுத்து 'உஸ்' என்று காற்றை உள்ளே விட்டால் போதும், எளிதாகத் திறக்கும். எண்ணெயையும் ஊறுகாயையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், நிமிர்த்தி, ஒரு தட்டில் வைத்துப் பெட்டியில் போடுங்கள். மலை ஏறியதும் ஒருமுறை எல்லா மூடியையும் திறந்து மூடிவிடுவது நல்ல பழக்கம். புளிக்காய்ச்சல், தொக்கு இரண்டையும் அலுமினியத்தில் வைக்கவேண்டாம்; புளி அரிக்கும்.

ஐஸ் பெட்டி

தெர்மாகோல் மீன்பெட்டி ஒரு பகலுக்குத் தாங்கும், மூலை உதிரும், உதிர்ந்த மணிகள் சாப்பாட்டில் விழும். இரண்டு நாளுக்கு வேண்டுமென்றால் சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய ஐஸ் பெட்டிதான், மூடியிலும் நுரை இருக்கவேண்டும். மூடியைத் தட்டிப்பாருங்கள், டொக்கு டொக்கென்று வெற்றொலி வந்தால் உள்ளே காற்றுதான். விலை குறைந்த பல பெட்டிகளில் சுவரில் நுரை இருக்கும், மூடி வெறுமையாக இருக்கும்.

அளவு 25, 30 லிட்டர் போதும். பாதி ஐஸ், பாதி பண்டம். கணக்கு இப்படி: ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 126 கிலோஜூல். அதாவது வெதுவெதுப்பான கூல்டிரிங்க்ஸ் மூன்று லிட்டரை உள்ளே வைத்தால் அதைக் குளிர்விக்கவே ஒரு கிலோவுக்கு மேல் ஐஸ் செலவாகிவிடும். ஆகவே உள்ளே போகிற எல்லாம் வீட்டு ஃபிரிட்ஜில் முந்தின ராத்திரியே குளிர்ந்திருக்கவேண்டும். பெட்டியையும் அப்படியே: கொஞ்சம் ஐஸ் போட்டு ராத்திரி முழுக்க மூடிவைத்து, காலையில் அதைக் கொட்டிவிட்டு நல்ல ஐஸ் நிரப்புங்கள்.

சில்லுகளைவிடக் கட்டி நின்று உருகும். ஐஸ் ஃபேக்டரியில் உடைத்துத் தரும் கட்டி மீனுக்கானது, அதைக் குடிக்கும் பொருளோடு சேர்க்காதீர்கள். வீட்டு ஃபிரீசரில் பாட்டிலில் தண்ணீரை உறையவைப்பதே சுத்தம், உருகினால் குடிநீர். இதில் ஒரு சிக்கல் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. 2024 மே மாதம் இரண்டு இடத்துக்கும் இ-பாஸ் வந்தபின் செக்போஸ்டில் நின்று போவது வழக்கமாகிவிட்டது, அங்கே பெட்டியைத் திறக்கச் சொல்வதும் உண்டு. உறையவைக்க நாங்கள் எடுப்பது கெட்டியான, திரும்பத் திரும்பப் பயன்படும் ஹெச்டிபிஇ ஐஸ் பேக்குகள் அல்லது அகல வாய் எவர்சில்வர் டப்பா. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், அதனால் பத்தில் ஒரு பங்கு காலி விடவேண்டும். இரட்டைச் சுவர் பிளாஸ்க் வகை பாட்டிலை ஃபிரீசரில் வைக்கக்கூடாது.

கறி, மீன் எடுத்துப்போனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டப்பாவில் மூடி அடியில், ஐஸை ஒட்டி. பாக்கெட் பால் உரசிக் கிழியும், அதை ஒரு தூக்குக்குள் நிறுத்துங்கள். தயிர், மாவு, சட்னிக்கு அரைத்த தேங்காய் எல்லாம் மேலே. உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டர் போட்டுவையுங்கள். 5 டிகிரிக்கு மேல் ஏறி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் கறியைச் சமைக்காமல் அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளோடு போகிற இடத்தில் இதில் சமரசம் கிடையாது.

கேஸ் தனியாக

கேசட் அடுப்புக்கான (பக்கத்தில் கேஸ் கேனைச் செருகி எரிக்கும் சிறு அடுப்பு) பியூட்டேன் கேன் 220, 230 கிராம் இருக்கும், முழுத் தீயில் ஒன்றேகால் மணி நேரம் எரியும். அதன் உடம்பிலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருக்கும். நம் வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே அதைத் தாண்டும். ஆகவே கார் நிற்கும் நேரத்தில் கேன் பெட்டியை இறக்கி நிழலில் வையுங்கள். பெட்டி காற்றுப்புகாததாக இருக்கக்கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில் தேங்கும். அடியில் ஓட்டை உள்ள சின்னக் கூடைதான் அதற்குச் சரி. கேனைச் சிவப்பு மூடியோடு நிமிர்த்தி வைத்து, இடையில் துணி செருகுங்கள். அடுப்பிலேயே மாட்டி விட்டுப் பயணம் செய்யக்கூடாது. அரிசிப் பக்கத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெய், கொசுவிரட்டி எதுவும் வேண்டாம். அரிசி வாடையை இழுத்துக்கொள்ளும்.

பாத்திரப் பெட்டியில் எந்தத் தோசைக்கல் போகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. அகலக் கல் கேசட் அடுப்பில் கேன் அறைக்கு மேல் நீண்டு, சூட்டை அதன்மேல் இறக்கும். அது வெடிக்கும் அபாயம். பர்னரைத் தாண்டிக் கேன் பக்கம் நீளாத சின்னக் கல்லைத்தான் எடுத்துவையுங்கள்.

குரங்கு, எலி, யானை

நாட்டுக் குரங்குக்குக் கிளிப் மூடி ஒரு தடையே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிற பெட்டி அதற்கு அழைப்பு. சாப்பாட்டுப் பெட்டி ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும், மேலே ஒரு பெல்ட் சுற்றியிருக்கட்டும், ஆள் நகர்ந்தால் காருக்குள் போகட்டும். எலிக்கு ராத்திரிதான் நேரம். ரொட்டியும் நிலக்கடலையும் எவர்சில்வரில்.

யானையைத் தடுக்கும் பெட்டி எதுவும் இல்லை. வால்பாறைப் பக்கம் ரேஷன் கடைக் கதவையும் சத்துணவுக்கூடச் சுவரையும் உடைத்து அரிசி தின்ற யானைகள் உண்டு. கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்துப் பேர்பெற்ற அரிக்கொம்பன் என்ற யானை 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது. ஜூனில் பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். அரிசி, பலாப்பழம், வாழைப்பழ வாடை வெகுதூரம் போகும். யானை நடமாடும் பகுதியில் பலாப்பழத்தை டிக்கியில் வைத்துக்கொண்டு தூங்கவேண்டாம். கூடாரத்துக்குள் எந்த உணவும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தோட்டக்காரரின் அல்லது வனத்துறையின் அனுமதியோடு, இரவுக் காவல் உள்ள இடத்தில் மட்டும் தங்குங்கள். சாப்பாட்டுப் பெட்டி எங்கே வைக்கவேண்டும் என்று அந்த இடத்துக் காவலாளியிடம் கேளுங்கள். அன்றைக்கு யானை எந்தப் பக்கம் என்று அவருக்குத்தான் தெரியும்.

கட்டுவது

50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னே போகும். 15 கிலோப் பெட்டி 300 கிலோ. இதனால்தான் கனமான பெட்டி தரையில், சீட் முதுகை ஒட்டி. லேசானது மேலே, கதவுப் பக்கம். டிக்கியில் கொக்கிகள் இருக்கும், அவற்றில் பெல்ட் போடுங்கள். நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டைக் கையில் பலமிருக்கிறது என்று இறுக்கினால் பெட்டி நசுங்கி மூடி திறக்கும். கையால் இழுத்து நிறுத்தும் பக்கிள் பெல்ட் பிளாஸ்டிக்குக்குச் சரி. மேசையாகும் அந்தப் பிளைவுட்டைப் பெட்டிகள் மேல் போட்டு அதன்மேல் பெல்ட் போட்டால் அழுத்தம் பரவும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. பெட்டி முன்பின் நகர்வதைவிடப் பக்கவாட்டில் நகர்வதுதான் அங்கே அதிகம். அடியில் பழைய யோகா பாயை விரியுங்கள், பக்க இடுக்குகளில் போர்வைப் பைகளைத் திணியுங்கள். பாத்திரங்களுக்கு நடுவே துண்டு, கையுறை, கரித்துணி. எப்படியும் எடுத்துப்போகிற துணிதானே. தோசைக்கல்லைப் பெட்டியின் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தினால் மற்றவற்றை நசுக்காது.

கடைசியாக உள்ளே போவது முதலில் வெளியே வரும். கதவோரம் ஒரு சின்ன டீப் பெட்டி வையுங்கள்: அடுப்பு, கெட்டில், டீத்தூள், சர்க்கரை, பால்பவுடர், டம்ளர், லைட்டர். ரோட்டோரம் பத்து நிமிடம் நிறுத்தினாலும் வேறு எதையும் கலைக்காமல் டீ போடலாம். தார்ப்பாய் அதன்மேல், மழையில் போய் இறங்கினால் முதலில் வேண்டியது அதுதான். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் இரண்டு பக்கத்திலும் பெயர் எழுதுங்கள். அடுக்கினால் மூடி தெரியாது, திருப்பி வைத்தால் ஒரு பக்கம் தெரியாது. யார் ஏற்றினாலும் ஒரே மாதிரி ஏற, அடுக்கியபின் போனில் ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

ரப்பர் வளையத்தைப் பிடுங்கி, அதன் பள்ளத்தில் அடைந்திருக்கும் மாவையும் எண்ணெயையும் பல்துலக்கும் பழைய பிரஷால் கழுவுங்கள். அதில் ஒரு ரவைத்துகள் இருந்தாலும் அடுத்த முறை மூடி கசியும். ஐஸ் பெட்டியின் வடிகுழாயைத் திறந்து வெந்நீர் விடுங்கள். மஞ்சள் கறை பிடித்த டப்பாவைத் தேய்த்துக் கீறாதீர்கள், இரண்டு நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் தானாக வெளுக்கும். நன்றாகக் காய்ந்தபின் மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்து எடுத்துவைத்தால் வளையமும் நசுங்காது, வாடையும் அடையாது.